பாறையின் வலிமையை மதிப்பிடுதல்: சரிவுகள், சுரங்க அகழ்வுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் வளர்ந்து கட்டுமானப் பொறியியல் படித்தவர்களில் பலர் இன்று மெட்ரோ சுரங்கத் தளங்களிலும், மலைப்பாதை வேலைகளிலும், கல்குவாரிகளிலும் பணியாற்றுகிறார்கள். மண்ணைப் பற்றிக் கேட்டால் அவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். பாறை என்று வந்ததும் ஆய்வக அறிக்கையில் இருக்கும் ஓர் எண்ணை எடுத்து அப்படியே கணக்கில் போட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த எண்ணுக்கும் தோண்டப்போகும் பாறைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பற்றியவையே கீழ்க்காணும் கேள்விகளில் பெரும்பாலானவை.

வட சென்னையில் எங்கும் மணலும் களிமண்ணுமாகத்தானே இருக்கிறது? இங்குள்ளவர்கள் பாறையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ போர் போட்டால் முதலில் வருவது கடல் மணலும் ஆற்று வண்டலும்தான் என்பது உண்மை. தெற்கே பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கம் சார்னோக்கைட் என்னும் கருங்கல் வெளியே தலைகாட்டி நிற்பதுபோல வடக்கே எதுவும் தெரிவதில்லை. ஆனால் வண்டலுக்கு அடியில் எங்கோ ஓர் ஆழத்தில் பாறை தொடங்கத்தான் செய்கிறது. நகரத்தின் மேற்கிலும் வடமேற்கிலும் ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு பகுதிகளில் மேலே தெரிகிற கோண்டுவானா காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும் இந்தக் கதையில் சேர்கின்றன. மாதவரத்திலிருந்து தெற்கே செல்லும் சுரங்க வழி போன்ற ஒரு நீண்ட வேலையில் ஒரே இயந்திரம் மணல், களிமண், சிதைந்த பாறை, திடப்பாறை ஆகிய எல்லாவற்றையும் சந்திக்க நேரலாம். அதற்கும் மேலாக, வட சென்னைக் கரையைக் காக்கும் கடற்சுவர்கள் முழுக்க வெளியூர்ப் பாறையால் ஆனவை. ஆகவே பாறை இங்கே காலடியில் தெரியாவிட்டாலும் அதற்கான கணக்கு இங்கேதான் போடப்படுகிறது.

பாறையின் வலிமை என்று சொல்லும்போது சரியாக எதைச் சொல்கிறோம்?

மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைப்பதுதான் இந்தத் துறையின் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். முதலாவது, பிளவு ஏதுமில்லாத கைப்பிடி அளவுக் கல்லின் வலிமை. ஆய்வகம் அளப்பது இதை மட்டுமே. இரண்டாவது, இரண்டு கற்பரப்புகள் சந்திக்கும் பிளவின் சறுக்குத் தடை. மூன்றாவது, கற்களும் பிளவுகளும் சேர்ந்து உருவாக்கும் பாறைத்திரளின் வலிமை. ஒரே மலையில் முதலாவது 120 மெகாபாஸ்கலாகவும் (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்), மூன்றாவது 5 மெகாபாஸ்கலாகவும், இரண்டாவது ஒரு மெகாபாஸ்கலில் சிறு பங்காகவும் இருப்பது வியப்பல்ல. எந்த வேலைக்கு எது தேவை என்று முடிவு செய்யாமல் 'பாறை எவ்வளவு ஸ்ட்ராங்' என்று கேட்பதில் பயனில்லை.

ஆய்வகத்தில் யூசிஎஸ் எனப்படும் ஒற்றை அச்சு அமுக்க வலிமையை எப்படி அளக்கிறார்கள்? அதில் எங்கே பிழை நுழைகிறது?

கோர் எனப்படும் உருளை வடிவ மாதிரியின் இரு முனைகளையும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் தேய்த்து, பக்கவாட்டில் எந்தத் தாங்கலும் இல்லாமல் அமுக்கி உடைக்கிறார்கள். இந்தியத் தரத்தில் இதற்கான விதிமுறை ஐஎஸ் 9143. விட்டம் வழக்கமாக 54 மில்லிமீட்டர்; நீளம் விட்டத்தைப்போல் 2 முதல் 3 மடங்குக்குள் இருக்கும். அத்தகைய மாதிரி ஒன்று 275 கிலோநியூட்டன் சுமையில் உடைந்தால், பரப்பு ஏறத்தாழ 2290 சதுர மில்லிமீட்டர் என்பதால், வலிமை 120 மெகாபாஸ்கல். 25 மெகாபாஸ்கல் வலிமையுள்ள எம்25 கான்கிரீட்டோடு பழகியவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பழைய அறிக்கைகளில் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் என்ற அலகு இருந்தால், 1 மெகாபாஸ்கல் ஏறத்தாழ 10.2 என்று மாற்றிக்கொள்ளலாம்.

முனை தட்டையாக இல்லாவிட்டால் எண் குறையும். மாதிரி குட்டையாக இருந்தால் எண் கூடும். இவையெல்லாம் ஆய்வகத்தில் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாத பிழை தளத்திலேயே நடந்துவிடுகிறது. துளையிடும்போது வலிமை குன்றிய பகுதிகள் நொறுங்கித் தண்ணீரோடு போய்விடுகின்றன. பெட்டியில் எஞ்சும் துண்டுகளில் போதிய நீளமுள்ளதை மட்டுமே ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். எனவே அறிக்கையில் வருவது அந்தத் துளையில் இருந்தவற்றிலேயே சிறந்த கல்லின் வலிமை. சிதைந்த பாறையில் ஒற்றைக் குழாய் கோர் பேரலை (கோர் எடுக்கும் துளைக்குழாயை) பயன்படுத்திவிட்டு, கிடைத்த இரண்டு நல்ல துண்டுகளைச் சோதித்து, அதன் சராசரியைப் 'பாறையின் வலிமை' என்று எழுதுவதைவிட, சோதனையே செய்யாமல் விவரிப்பை ஒழுங்காக எழுதுவது மேல் என்பது என் கருத்து. இரட்டைக் குழாய் அல்லது மூன்று குழாய் பேரல் கேட்டு வாங்குவதற்கு ஆகும் செலவு, பின்னால் ஏற்படும் வாக்குவாதத்தின் செலவைவிடக் குறைவு.

மாதிரியின் அளவும் ஒரு காரணம். மாதிரி பெரிதாகும்போது அதில் நுண்விரிசல் அகப்படும் வாய்ப்பு கூடுகிறது. பாறை ஆய்வாளர்கள் ஹோக்கும் பிரவுனும் 1980இல் முன்வைத்த தொடர்பின்படி, 50 மில்லிமீட்டர் விட்ட மாதிரியின் வலிமையை (50/விட்டம்) என்பதன் 0.18 அடுக்கால் பெருக்கினால் பெரிய மாதிரியின் வலிமை வரும். 200 மில்லிமீட்டருக்கு இது 0.78, அதாவது 22 விழுக்காடு குறைவு. களிப்பாறை போன்ற அடுக்குப் பாறைகளில் திசையும் கணக்கில் வரும்: சுமையின் அச்சுக்கும் அடுக்குகளுக்கும் இடையே 30 பாகையை ஒட்டிய கோணம் இருக்கும்போது வலிமை மிகக் குறைவாக வரும். எந்தத் திசையில் அமுக்கினார்கள் என்று எழுதாத களிப்பாறை அறிக்கை பாதி அறிக்கைதான்.

கையில் சுத்தியலும் கத்தியும் மட்டுமே இருக்கிறது. தளத்திலேயே மதிப்பிட முடியுமா?

முடியும், அதுவும் பலர் நினைப்பதைவிட நன்றாகவே முடியும். பன்னாட்டுப் பாறை இயந்திரவியல் கழகம் பாறையை ஆர்0 முதல் ஆர்6 வரை தரம் பிரிக்கிறது. கட்டைவிரல் நகத்தால் தடம் பதிந்தால் அது ஆர்0, அதாவது 0.25 முதல் 1 மெகாபாஸ்கல். சுத்தியலின் கூர்முனையால் ஓங்கித் தட்டும்போது உதிர்ந்து, பேனாக்கத்தியால் சீவவும் வந்தால் ஆர்1, 1 முதல் 5 வரை. கத்தியால் சிரமப்பட்டுச் சீவ முடிந்தால் ஆர்2, 5 முதல் 25 வரை. கத்தி ஏறாமல், ஒரே பலமான அடியில் உடைந்தால் ஆர்3, 25 முதல் 50 வரை. ஒன்றுக்கு மேற்பட்ட அடி கேட்டால் ஆர்4, 50 முதல் 100 வரை. பல அடிகள் தேவைப்பட்டால் ஆர்5, 100 முதல் 250 வரை. எவ்வளவு அடித்தாலும் சில்லு மட்டுமே தெறித்தால் ஆர்6. பல்லாவரத்துப் புதுக் கருங்கல் ஜல்லியை உடைத்துப் பார்த்தவர்களுக்கு ஆர்5 என்றால் என்ன என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையின் அகன்ற எல்லைகளைப் பார்த்துச் சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளில் முழுப் பாறை முகத்தையும் (வெட்டித் திறந்த பரப்பையும்) தட்டிப் பார்த்துவிட முடியும் என்பதும், கோர் எடுக்கவே முடியாத மிருதுவான பகுதியையும் இது விட்டுவிடுவதில்லை என்பதும் இதன் பலம். ஆய்வக எண்ணும் சுத்தியல் தரமும் இரண்டு படி விலகி நின்றால், ஏதோ ஒன்றில் மாதிரி மாறியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

புள்ளிச் சுமைச் சோதனையின் விடையை 24ஆல் பெருக்கினால் யூசிஎஸ் கிடைத்துவிடுமா?

பாயிண்ட் லோட் டெஸ்ட் என்று தளத்தில் சொல்லப்படும் இந்தச் சோதனையை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியது 1972இல் பிராக், ஃபிராங்க்ளின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. இந்தியத் தரம் ஐஎஸ் 8764. இரண்டு கூம்பு முனைகளுக்கு இடையே கல்லை வைத்து நெருக்கிப் பிளப்பதால் மாதிரியின் முனைகளைத் தேய்க்கும் வேலை இல்லை, தளத்திலேயே செய்யலாம். 54 மில்லிமீட்டர் கோர் குறுக்குவாக்கில் 14 கிலோநியூட்டனில் பிளந்தால், சுமையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க 4.8 மெகாபாஸ்கல், 50 மில்லிமீட்டர் தரத்துக்குத் திருத்த 4.97. இதை 22ஆல் பெருக்கினால் 109, 24ஆல் பெருக்கினால் 119.

பெருக்கு எண் சராசரியாக 20 முதல் 25 வரை என்பது பரவலான அனுபவம். ஆனால் பாறை வகையைப் பொறுத்து அது 15 முதல் 50 வரை மாறக்கூடும் என்று பன்னாட்டுக் கழகத்தின் 1985ஆம் ஆண்டு வழிமுறையே சொல்கிறது. ஆகவே அதே தளத்தின் சில கோர்களில் இரண்டு சோதனைகளையும் செய்து, அந்தத் தளத்துக்கான பெருக்கு எண்ணைக் கண்டுகொள்வதே முறை. அடுக்குப் பாறையில் முனைகளை அடுக்கின் வழியே வைத்தால் அடுக்கு பிரிவதைத்தான் அளப்பீர்கள். 25 மெகாபாஸ்கலுக்குக் குறைந்த பாறையில் முனை உள்ளே பதிந்துவிடுவதால் இந்தச் சோதனையை நம்பாமல் இருப்பது நல்லது.

கான்கிரீட்டுக்கு வைத்திருக்கும் ரீபவுண்ட் ஹேமரை (அடித்துத் திரும்பும் அளவைக் கொண்டு வலிமையைக் காட்டும் சுத்தியலை) பாறையில் பயன்படுத்தலாமா?

கான்கிரீட்டுக்கான 'என்' (N) வகைச் சுத்தியலின் தாக்கு ஆற்றல் ஏறத்தாழ 2.2 நியூட்டன் மீட்டர். பாறைப் பிளவுகளின் பரப்பைச் சோதிக்கும் 'எல்' (L) வகையில் அது 0.735 மட்டுமே. ஒன்றின் வாசிப்பை மற்றதன் வரைபடத்தில் வைத்துப் படிக்கக்கூடாது. தளர்ந்த துண்டின் மேல் அடித்தால் கல் அதிர்ந்து எண் குறைந்துவிடும். இதன் உண்மையான பயன் பிளவுச் சுவரின் வலிமையை அளப்பதில்தான் இருக்கிறது, ஏனென்றால் நீர் பட்டுச் சிதைந்த அந்த மெல்லிய தோலிலிருந்து கோர் எடுக்க வழியில்லை.

ஆர்கியூடி எனப்படும் பாறைத் தரக் குறியீடு 90 விழுக்காடு வந்திருக்கிறது. பாறை வலிமையானது என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. டீர் அறிமுகப்படுத்திய அந்த அளவு, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகள் துளை நீளத்தில் எத்தனை விழுக்காடு என்பதை மட்டுமே சொல்கிறது. செங்குத்துத் துளை செங்குத்துப் பிளவுகளைச் சந்திக்காமலே கீழே போய்விடும். அப்போது 90 வரும், முகம் திறந்தபின் கற்கள் பலகை பலகையாக நிற்கும்.

ஒரு துண்டுக் கல்லின் வலிமையிலிருந்து முழுப் பாறைத்திரளின் வலிமைக்கு எப்படிச் செல்வது?

இதற்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹோக்–பிரவுன் முறை. 1980இல் வெளிவந்து, 2002இலும் 2018இலும் திருத்தம் பெற்ற இந்த முறை நான்கு விவரங்களைக் கேட்கிறது: துண்டுக் கல்லின் அமுக்க வலிமை, பாறை வகைக்குரிய எம்ஐ என்னும் மாறிலி, ஜிஎஸ்ஐ என்னும் நிலவியல் வலிமைக் குறியீடு, தோண்டும்போது ஏற்படும் சேதத்துக்கான டி என்னும் காரணி. ஜிஎஸ்ஐ என்பது பாறை முகத்தைக் கண்ணால் பார்த்து, பிளவுகளின் நெருக்கத்தையும் அவற்றின் பரப்பு நிலையையும் ஓர் அட்டவணையில் ஒப்பிட்டுக் கொடுக்கும் மதிப்பெண்.

முன்பு சொன்ன 120 மெகாபாஸ்கல் கல்லையே எடுத்துக்கொள்வோம். மூன்று திசைகளில் பிளவுகள் ஓடி, பரப்புகள் ஓரளவு சிதைந்து, ஜிஎஸ்ஐ 45 என்று மதிப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். சேதம் இல்லாத நிலையில் எஸ் என்னும் எண்ணைப் பெற, (45 கழித்தல் 100) என்பதை 9ஆல் வகுத்து, e என்னும் மாறிலியின் (2.718) அடுக்காக ஏற்ற வேண்டும், விடை 0.0022. அதை 0.508 அடுக்குக்கு உயர்த்தி 120ஆல் பெருக்கினால், பக்கத் தாங்கல் இல்லாத பாறைத்திரளின் வலிமை 5.4 மெகாபாஸ்கல். துண்டுக் கல்லின் வலிமையில் இது 5 விழுக்காடுகூட இல்லை.

இந்தக் கணக்கில் எது எண்ணை இழுக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆய்வகத்தில் 120க்குப் பதிலாக 100 வந்திருந்தால் விடை 4.5 ஆகும். ஜிஎஸ்ஐ 45க்குப் பதிலாக 35 என்று மதிப்பிட்டிருந்தால் விடை 3 மெகாபாஸ்கலுக்கும் கீழே போய்விடும். இருந்தும் நம் திட்டங்களில் ஆய்வகச் சோதனைக்குத் தனித் தொகை ஒதுக்கப்படுகிறது. முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை, நேரம் கிடைத்தால் செய்யும் வேலையாகவே இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பிட்டு, பிறகு உட்கார்ந்து பேசுவது இதற்குச் செலவில்லாத மருந்து. ஜிஎஸ்ஐயை ஒற்றை எண்ணாக எழுதாமல் 40 முதல் 50 வரை என்று எல்லையாக எழுதுவதும் நேர்மையானது.

ஓர் எச்சரிக்கை: பிளவுகள் பல திசைகளில் நெருக்கமாக ஓடி, பாறைத்திரள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இடத்துக்குத்தான் இந்த முறை. ஒரே ஒரு பெரிய பிளவு சரிவை ஆளுகிறது என்றால், இந்தக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே அதற்கு இடமில்லை.

டி என்னும் சேதக் காரணிக்கு எவ்வளவு வைப்பது?

இயந்திரத்தால் நேர்த்தியாகக் குடைந்த சுரங்கத்துக்கு 0. வெடிவைக்காமல் இயந்திரத்தால் வெட்டிய சரிவுக்கு 0.7, பெரும் திறந்தவெளிச் சுரங்கத்தில் உற்பத்திக்காக வெடிவைத்த சரிவுக்கு 1 என்பவை வழிகாட்டு மதிப்புகள். மேலே கண்ட அதே பாறைக்கு டி 0 எனில் 5.4, 0.7 எனில் 2.1, 1 எனில் 1.1 மெகாபாஸ்கல். ஐந்தில் ஒரு பங்காக வலிமையைக் குறைக்கும் ஓர் எண்ணை மலை முழுவதற்கும் பூசுவதுதான் இங்கே நடக்கும் தவறு. வெடியின் சேதம் முகத்திலிருந்து சில மீட்டர் ஆழம் வரைதான். அந்தப் பட்டைக்கு மட்டும் டி கொடுத்து, அதற்குப் பின்னால் உள்ள பாறைக்கு 0 வைக்க வேண்டும்.

ஆர்எம்ஆர், கியூ, ஜிஎஸ்ஐ ஆகிய மூன்றில் எதைப் பயன்படுத்துவது?

பீனியாவ்ஸ்கி 1973இல் தந்த ஆர்எம்ஆர், பார்ட்டனும் உடனாய்வாளர்களும் 1974இல் தந்த கியூ ஆகியவை சுரங்கத்துக்கு எவ்வளவு தாங்கல் தேவை என்று அனுபவத்திலிருந்து சொல்லப் பிறந்தவை. ஐஎஸ் 13365இன் பகுதிகளில் இவை இடம்பெற்றிருக்கின்றன. ஜிஎஸ்ஐ வலிமைக் கணக்குக்கு உள்ளீடு தருவதற்காக உருவானது. 1989 பதிப்பு ஆர்எம்ஆரில் 100 மதிப்பெண்ணில் துண்டுக் கல்லின் வலிமைக்கு 15 மட்டுமே. பிளவின் நிலைக்கு 30. ஆர்எம்ஆரில் நிலத்தடி நீருக்கு மதிப்பெண் குறைத்துவிட்டு, பிறகு சரிவுக் கணக்கில் நீர் அழுத்தத்தை மறுபடியும் சேர்ப்பது ஒரே குறையை இருமுறை எண்ணுவதாகும்.

சரிவு ஒன்று நிற்குமா விழுமா என்பதை எந்த வலிமை தீர்மானிக்கிறது?

கடினப் பாறைச் சரிவுகளில் பெரும்பாலும் பிளவின் சறுக்குத் தடைதான். ஒரு பிளவு சரிவு முகத்தின் பக்கமே சாய்ந்து, முகத்தைவிடக் குறைந்த கோணத்தில் வெளியே திறந்து, அந்தக் கோணம் பிளவின் உராய்வுக் கோணத்தைவிடக் கூடுதலாக இருந்தால், கல் 50 மெகாபாஸ்கலா 200 மெகாபாஸ்கலா என்பது பொருட்டல்ல. ஒட்டுத்தன்மை ஏதுமற்ற உலர்ந்த பிளவில் பாதுகாப்புக் காரணி (தடுக்கும் விசைக்கும் சறுக்கவைக்கும் விசைக்கும் உள்ள விகிதம்) என்பது உராய்வுக் கோணத்தின் டேன் மதிப்பைச் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தது, அவ்வளவே. திரிசூலம், பல்லாவரம் பக்கத்துப் பழைய குவாரிகளைப் பார்த்தவர்கள், மலையின் மேற்பரப்புக்கு இணையாகப் பெரும் தகடுகளாகக் கருங்கல் உரிந்து நிற்பதைக் கவனித்திருப்பார்கள். அடிவாரத்தை வெட்டியவுடன் அந்தத் தகட்டின் கால் போய்விடுகிறது.

சறுக்குத் தடையைக் கணக்கிட பார்ட்டனின் முறை வசதியானது. அடிப்படை உராய்வுக் கோணத்தோடு, பிளவின் சொரசொரப்பு எண்ணை, பிளவுச் சுவர் வலிமைக்கும் செங்குத்து அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அடிப்படைக் கோணம் 30 பாகை, சொரசொரப்பு 8, சுவர் வலிமை 50 மெகாபாஸ்கல், மேலே ஏறத்தாழ 8 மீட்டர் பாறை அமுக்கும் 0.2 மெகாபாஸ்கல் அழுத்தம் என்றால், கோணம் 49 பாகையாகிறது, தடை 0.23 மெகாபாஸ்கல். அதே பிளவில் களிமண் நிரம்பி உராய்வு 15 பாகைக்கு இறங்கினால், தடை 0.05தான். கல் மாறவில்லை, நடுவில் இருக்கும் ஒரு விரற்கடைக் களிமண் நான்கு மடங்குக்கு மேல் குறைத்துவிட்டது. ஆகவே போர்லாக்கில் (துளைப் பதிவேட்டில்) 'பிளவில் களிமண் பூச்சு' என்ற மூன்று சொல் வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டரில் கண்ட 49 பாகையை 80 மீட்டர் உயரச் சரிவுக்கு எடுத்துச் செல்லவும் கூடாது. அழுத்தம் கூடும்போது சொரசொரப்பின் முனைகள் நசுங்கி அந்த உதவி குறைந்துவிடும்.

மழையும் நிலத்தடி நீரும் வலிமையைக் குறைக்கின்றனவா?

இரண்டு வழிகளில். பிளவில் தேங்கும் நீர் கல்லைத் தள்ளுகிறது: சரிவின் உச்சியில் 5 மீட்டர் ஆழ விரிசல் நீரால் நிரம்பினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 125 கிலோநியூட்டன் விசை வெளிப்புறமாகச் செயல்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விழும் சரிவுகளில் பல, சித்திரையில் ஆய்வு செய்தபோது உறுதியாகத்தான் தெரிந்திருக்கும். பிரான்சில் 1959 டிசம்பர் 2 அன்று உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த மால்பாசே அணையிலும், அடித்தளத்து நைஸ் பாறையின் அடுக்குகளுக்குள் ஏறிய நீரழுத்தமும் அங்கிருந்த ஒரு பிளவுமே காரணங்களாக அறியப்பட்டன.

மற்றொரு வழி, கல்லே நனைந்து தளர்வது. சார்னோக்கைட்டில் இது சிறிது, களிப்பாறையில் பெரிது. சில களிப்பாறைகள் காய்ந்து மறுபடி நனையும்போது சேறாகவே உதிர்ந்துவிடும். கோரை எடுத்த உடனே நெகிழித் தாளில் சுற்றி மெழுகு பூசாமல், கத்திரி வெயிலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சோதித்தால் வரும் எண் நிலத்தடியில் இருந்த பாறையின் எண்ணல்ல. இத்தகைய பாறைக்கு ஊறி உதிரும் தன்மையைச் சோதிக்கும் ஸ்லேக் சோதனையையும் கேளுங்கள்.

சுரங்கத்தில் எந்த வலிமை முக்கியம்? ஆழத்தைப் பொறுத்து அது மாறுமா?

முற்றிலும் மாறும். சென்னையில் தரைக்கு 20 மீட்டர் கீழே மேலிருக்கும் நிலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 0.4 மெகாபாஸ்கல். எல்லாத் திசையிலும் அதே அழுத்தம் என்று கொண்டால், வட்டத் துளையின் சுவரில் அது இருமடங்காகி 0.8 ஆகும். 50 மெகாபாஸ்கல் பாறைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இங்கே ஆபத்து, பிளவுகளால் ஆப்பு வடிவில் பிரிந்த கல் கூரையிலிருந்து இறங்குவதும், பாறையின் மேல்மட்டத்தில் உள்ள நீர் நிரம்பிய மணல் உள்ளே ஓடிவருவதும்தான்.

தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழைத்து, 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் மறு எல்லை. அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 3000 மீட்டரில் மேலழுத்தம் மட்டுமே ஏறத்தாழ 80 மெகாபாஸ்கல், சுவரில் 160. கடினப் பாறையில் சுவர் அழுத்தம் துண்டுக் கல்லின் வலிமையில் ஏறத்தாழ 0.4 பங்கை எட்டும்போதே பாறை தகடு தகடாகத் தெறிக்கத் தொடங்குவதை அனுபவம் காட்டுகிறது. 200 மெகாபாஸ்கல் கல்லாக இருந்தாலும் அந்த ஆழத்தில் விகிதம் 0.8. தங்கவயலில் பாறை வெடிப்புகள் தொடர் துயரமாக இருந்ததற்கு அடிப்படை இதுதான். அத்தகைய இடத்தில் ஆய்வக யூசிஎஸ் மிக முக்கியமான எண்ணாகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அதே எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? குறைந்ததா, கூடியதா?

தாங்கல் அமைக்கக் குறைந்த மதிப்பு பாதுகாப்பானது. வெட்டும் வேலைக்கு அதற்கு நேர்மாறு: கூடிய மதிப்பைத்தான் சொல்ல வேண்டும். 'பாதுகாப்புக்காக' வலிமையைக் குறைத்து எழுதிய அறிக்கையை நம்பி இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால், கட்டர்கள் தேய்ந்து வேலை நிற்கும். இரண்டு தேவைக்கும் ஒரே 'வடிவமைப்பு மதிப்பை' அட்டவணையில் போடும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. குவார்ட்ஸ் எவ்வளவு இருக்கிறது, உராய்ந்து தேய்க்கும் தன்மை எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சென்னையில் கடினமானது கலப்பு முகம். சார்னோக்கைட் சிதையும்போது மண்ணாக மாறிய பகுதிக்கு நடுவே சிதையாத உருண்டைப் பாறைகள் எஞ்சிவிடுகின்றன. சுழலும் வெட்டுத்தலை அரைச்சுற்றில் மண்ணையும் அடுத்த அரைச்சுற்றில் கருங்கல்லையும் சந்திக்கிறது. குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கும் எஸ்பிடி சோதனையில் சுத்தியல் அடி 50ஐத் தாண்டி, குழாய் மேற்கொண்டு இறங்காத ரிஃப்யூசல் நிலை வந்ததும் பாறை வந்துவிட்டது என்று துளையை நிறுத்தினால், அது உருண்டைக் கல்லா, அடிப்பாறையா என்று எவராலும் சொல்ல முடியாது. குறைந்தது 3 முதல் 5 மீட்டர் கோர் எடுத்த பிறகே பாறை மட்டம் என்று எழுதுவது நல்லது.

காசிமேடு, எண்ணூர்க் கரையோரம் கடற்சுவருக்குப் போடும் கருங்கல்லுக்கும் இதே வலிமைக் கணக்குத்தானா?

சென்னைத் துறைமுகம் வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமாகி, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. கடற்சுவர்கள் வந்த காரணம் அது. இங்கே அமுக்க வலிமை இரண்டாம் இடம்தான். அலையைத் தாங்க எவ்வளவு எடையுள்ள கல் தேவை என்பதை அடர்த்தி ஆள்கிறது: ஹட்சன் வாய்பாட்டின்படி, அடர்த்தி 2.7 உள்ள கல்லுக்குப் பதில் 2.5 உள்ளதைப் போட்டால், அதே அலைக்கு ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் எடையுள்ள கல் வேண்டும். அடுத்தது, குவாரி வெடியில் உள்ளே ஓடிய விரிசல். லாரியிலிருந்து இறக்கும்போது இரண்டாகப் பிளக்கும் கல், யூசிஎஸ் எவ்வளவு காட்டினாலும், அந்த வேலைக்கு உதவாது.

எத்தனை சோதனை போதும்? சராசரியை எடுப்பதா, குறைந்ததை எடுப்பதா?

ஒரே பாறை வகை, ஒரே சிதைவு நிலை என்று பிரித்த பிறகே எண்ணிக்கையைப் பேச வேண்டும். புதுக் கருங்கல்லின் 130ஐயும் சிதைந்த கல்லின் 30ஐயும் கூட்டி 80 என்று எழுதினால், அந்தத் தளத்தில் எங்குமே இல்லாத ஒரு பாறையைக் கண்டுபிடித்ததாகும். பிரித்த ஒவ்வொரு பிரிவிலும் விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் பார்த்து மேலும் சோதிப்பதா என்று முடிவு செய்யுங்கள். மாதிரி ஏற்கனவே இருந்த ஒரு பிளவு வழியே உடைந்திருந்தால், அந்த விடையைத் துண்டுக் கல்லின் சராசரியில் சேர்க்காமல், ஆனால் நீக்கியும் விடாமல், உடைந்த விதத்தின் படத்தோடு தனியாக எழுத வேண்டும்.

ஏற்கனவே சரிந்த இடத்திலிருந்து வலிமையைக் கணக்கிட முடியுமா?

முடியும், மேலும் அதுவே பெரும்பாலும் நம்பத்தக்க வழி. சரிந்த நேரத்தில் பாதுகாப்புக் காரணி 1 என்று கொண்டு, சரிவின் வடிவத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், முழு அளவில் இயற்கையே செய்த ஒரு சோதனையின் விடை கிடைக்கிறது. இடர் என்னவென்றால், தெரியாதவை இரண்டுக்கு மேல்: உராய்வு, ஒட்டுத்தன்மை, அன்றைய நீர்மட்டம். நீர்மட்டத்தைத் தவறாக ஊகித்தால் மற்ற இரண்டும் தவறாகவே வரும். சரிந்த மறுநாளே நீர் கசிந்த தடங்களையும், பிளவின் பரப்பையும், உச்சி விரிசலின் ஆழத்தையும் படம் எடுத்து அளந்து வைத்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். வழக்கமாகப் பாதையைத் திறக்கும் அவசரத்தில் ஜேசிபி முதலில் வந்து இவை அனைத்தையும் அள்ளிவிடுகிறது. எனவே அளவெடுப்பவர் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.